வெயிட்லிஸ்ட் சீட்டை நம்பி லோன்ல கையெழுத்துப் போடலாமா?

மார்ச் மாசக் கடைசிக்குள்ள அமெரிக்காவோட டாப் யுனிவர்சிட்டிகள் ரிசல்ட் சொல்லிடும். உங்க தம்பிக்கோ தங்கச்சிக்கோ 'வெயிட்லிஸ்ட்'னு பதில் வந்தா, வீட்டுல எல்லாரும் திரும்பிப் பார்க்கிறது சம்பளம் வாங்குற உங்களைத்தான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். உதவித்தொகை இல்லாம படிக்க வைக்க முடியாத குடும்பம், வெயிட்லிஸ்ட்டை பிளான்லயே சேர்க்கக் கூடாது.

வாய்ப்பு எவ்வளவு?

பாதிக்கும் குறைவானவங்களுக்கு மட்டும் சீட் தர்ற கல்லூரிகள்ல, வெயிட்லிஸ்ட்ல காத்திருக்க சம்மதிச்சவங்கள்ல சராசரியா 7% பேருக்குத்தான் இடம் கிடைச்சதுன்னு என்.ஏ.சி.ஏ.சி. அமைப்போட 2019 அறிக்கை சொல்லுது.

பணம் எங்கே இடிக்குது?

பணம் கட்ட முடியுமான்னு பார்க்காமலே சீட் தர்றதுக்கு 'நீட்-பிளைண்ட்'னு பேரு (நம்ம நீட் தேர்வு இல்லீங்க!). வெளிநாட்டு மாணவர்களுக்கும் இதைச் செய்றது ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் மாதிரி வெகு சிலதுதான். வெயிட்லிஸ்ட்னு வந்துட்டா, பல கல்லூரிகள் உள்நாட்டு மாணவர்கள்கிட்டயே பண வசதியைப் பார்க்குது. காரணம் சிம்பிள். மே 1 டெபாசிட் கெடு முடிஞ்சாதான் எத்தனை இடம் காலின்னு தெரியும். அதுக்குள்ள உதவித்தொகை பட்ஜெட்ல பெரும்பகுதி மத்தவங்களுக்குப் போயிருக்கும்.

"உதவி வேண்டாம்னு டிக் பண்ணிட்டு, உள்ள போய் கேட்டுக்கலாம்"னு சிலர் ஐடியா சொல்வாங்க. ஆரம்பத்துல கேட்காத வெளிநாட்டு மாணவருக்கு, பல இடங்கள்ல நாலு வருஷமும் உதவி கிடையாது.

உங்க கணக்கு

வருஷத்துக்கு 80,000 டாலர், டாலருக்கு 85 ரூபாய்னு வச்சாலே, நாலு வருஷத்துக்கு 2.72 கோடி. அதுல வெறும் 50 லட்சத்தை 11% வட்டியில 10 வருஷ லோனா எடுத்தா, இ.எம்.ஐ. சுமார் 69,000 ரூபாய். படிக்கிற காலத்து வட்டி தனி. கோ-அப்ளிகன்ட் நீங்கன்னா, தவணை தவறினா அடி வாங்குறது உங்க சிபில் ஸ்கோர். நாளைக்கு உங்க வீட்டுக் கடனுக்கும் அது குறுக்கே நிக்கும். இன்னொண்ணு: தம்பி, தங்கச்சிக்காக எடுக்குற லோனுக்கு கல்விக் கடன் வட்டி வரிச்சலுகை பொதுவா உங்களுக்குக் கிடையாது. தனக்கு, துணைக்கு, பிள்ளைகளுக்கு, இல்லேன்னா நீங்க சட்டப்படி காப்பாளரா இருக்கிற மாணவருக்குன்னாதான் உண்டு.

"பெரிய காலேஜ் பேரு, சம்பளத்துல எடுத்துடலாம்"னு சொல்றாங்களா? அந்தச் சம்பளத்துக்கு முதல்ல வேலை விசா கிடைக்கணும். அது யார் கையிலயும் இல்லை.

செய்ய வேண்டியது

1. கட்டுப்படியாகுற கல்லூரி ஏதாவது சீட் கொடுத்திருந்தா, கெடுவுக்குள்ள டெபாசிட் கட்டிடுங்க.
2. "வெயிட்லிஸ்ட்ல வர்ற வெளிநாட்டு மாணவருக்கு உதவித்தொகை உண்டா?"ன்னு மெயில்ல கேளுங்க.
3. அந்தக் கல்லூரியோட 'காமன் டேட்டா செட்'ல சி2 பகுதியைப் பாருங்க. வெயிட்லிஸ்ட்ல இருந்து எத்தனை பேரை எடுத்தாங்கன்னு இருக்கும்.
4. உதவித்தொகை எவ்வளவுன்னு எழுத்துல வராம எந்த லோன் பேப்பர்லயும் கையெழுத்துப் போடாதீங்க.

தம்பி மேல இருக்கிற பாசத்தை வருமானச் சான்றா வங்கி ஏத்துக்காது. 'முடியாது'ன்னு சொல்றதா இருந்தா ஏப்ரல்லயே சொல்லிடுங்க. ஜூன்ல சொன்னா வலி ரெண்டு பேருக்கும் அதிகம்.