மூச்சு நல்லா இருக்கு, முட்டிதான் வலிக்குது! ரன்னர்களுக்கு வெயிட் டிரெய்னிங் ஏன் தேவை?

ஜனவரி வந்தால் சென்னை மாரத்தான். நேப்பியர் பாலத்தில் விடியும் முன்பே கிளம்பும் கூட்டம் காமராஜர் சாலை, சாந்தோம் வழியாக அடையாறு பக்கம் ஓடும். அதற்காக லூப் ரோட்டில், மீன் வாங்க வண்டிகள் வந்து சேர்வதற்குள் ஓடி முடிக்கிறவர்கள் உண்டு. ஆனா, போட்டிக்கு முன்பே முட்டி வலியால் நின்றுபோகிறவர்களும் உண்டு.

ஏன் இப்படி?

ஓடும்போது ஒரு நேரத்தில் ஒரு கால்தான் தரையில் இருக்கும். ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு வரை தாக்கம் இறங்கும். 70 கிலோ எடை உள்ளவருக்கு இது 140 முதல் 210 கிலோ. 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடினால் ஏறத்தாழ 10,000 அடி, அதாவது ஒரு காலுக்கு 5,000 முறை!

இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கலையேன்னு தூரத்தைக் கூட்டும்போதுதான் சிக்கல். தொடை, இடுப்பு, கெண்டைக்கால் தசைகள் பலமாக இருந்தால் அந்த அதிர்வில் பெரும்பகுதியை அவை தாங்கிக்கொள்ளும். முட்டி வலிக்கு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனாலும் முதலில் தருவது இடுப்பு, தொடைக்கான பயிற்சிதான்.

கடற்கரைச் சாலையில் இன்னொரு பிரச்சனை, ஏற்றமே கிடையாது. மலைப்பாதையில் ஓடுபவருக்குத் தானாகக் கிடைக்கும் கால் பலம் இங்கே கிடைக்காது.

வெயிட் தூக்கினா உடம்பு பெருத்து வேகம் குறையாதா?

குறையாது. வாரம் முழுக்க ஓடுகிறவருக்கு 2 நாள் பயிற்சியில் உடம்பு அவ்வளவு சுலபமாகப் பெருக்காது. அதே வேகத்தில் ஓட உடல் செலவழிக்கும் ஆக்ஸிஜன் குறைவதையே ஆய்வுகள் காட்டுகின்றன. அதேநேரம், 'இதைச் செய்தால் காயமே வராது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு அந்த அளவு ஆதாரம் இல்லை.

எவ்வளவு செய்யணும்?

ஓடாதவர்கள் உட்பட எல்லா பெரியவர்களும் வாரம் 2 நாளாவது தசைப் பயிற்சி செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்குவாட், லஞ்ச், படி விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது, இவை போதும். 30 நிமிடம். ஜிம் கட்டாயமில்லை, ஆனா சும்மா கையைக் காலை ஆட்டினால் பலன் இல்லை. ஒவ்வொரு செட்டிலும் கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்கணும். ஞாயிறு நீண்ட ஓட்டம் என்றால் சனிக்கிழமை கால் பயிற்சி வேண்டாம். போட்டி வாரத்தில் புதுப் பயிற்சி எதையும் தொடங்கக் கூடாது.

சுகர், பிபி உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். எடை தூக்கும்போது மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென ஏறும்.