முப்பது வயதில் மருத்துவம்: யாருடைய இடத்தை யார் பறிக்கிறார்?

2022 ஜனவரியில், அரசுப் பள்ளிகளில் பயின்றோர்க்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டு மருத்துவக் கலந்தாய்வுக்கு, தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். பின்னர், அந்த இடம் ஓர் இளைய மாணவருக்குப் போகட்டும் என்று விலகிக்கொண்டார். நாடே பாராட்டிற்று. அவருடைய பெருந்தன்மையில் நமக்கு ஐயமில்லை. அதிலிருந்து நம்மவர்கள் வடித்தெடுத்த நீதியோடுதான் நமக்கு வழக்கு. அறுபதைக் கடந்தவருக்குப் பொருந்தும் நியாயத்தை முப்பது வயதுக்காரர் தலையிலும் ஏற்றி, 'பிந்தி வருகிறவர் ஒரு சிறுவனின் இடத்தைப் பறிக்கிறார்' என்று தீர்ப்பெழுதிவிட்டார்கள்.

கணக்கையாவது பார்க்க வேண்டாமா? எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு, பயிற்சி மருத்துவராக ஓராண்டு. முப்பதில் சேர்பவர் முப்பத்தாறுக்குள் மருத்துவராகிறார். தமிழக அரசுப் பணியில் ஓய்வு வயது 60. இருபத்துநான்கு ஆண்டுப் பணி நாட்டுக்கு நட்டமா?

பறிப்பைப் பற்றிப் பேசுவோர் இன்னொன்றையும் பேச வேண்டும். நீட் வந்தபின் மீண்டும் மீண்டும் தேர்வெழுதி இடம் பெறுவோரின் பங்கு பெருகிவிட்டதை, 2021இல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு தன் அறிக்கையில் எடுத்துக்காட்டியது. தந்தையின் பணத்தில் மூன்றாண்டு பயிற்சி மையத்தில் இருந்துவிட்டு வருபவன் 'விடாமுயற்சிக்காரன்'. பத்தாண்டு சம்பாதித்துக் குடும்பத்தை நிமிர்த்திவிட்டு வரும் செவிலியோ 'வயதானவள்'. இங்கே அளக்கப்படுவது வயதா, வசதியா?

செஞ்சிக் கோட்டைக்கும் சீயமங்கலத்துக் குடைவரைக்கும் இடைப்பட்ட ஊர்களிலிருந்து கலைக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளை நாம் அறிவோம். பலர் தம் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். அறுவடைக் காலத்தில் வகுப்பில் இடம் காலியாக இருக்கும். பருவத் தேர்வில் அரியர் விழும். ஐம்பது சதவீதத்தில் முடிந்த விலங்கியல் பட்டம் ஒருவருடைய அறிவின் அளவு என்று நம்புகிறவர் வகுப்பறையை அறியாதவர்.

அமெரிக்காவில் இந்தப் பழைய மதிப்பெண் விண்ணப்பதாரரை விடாமல் துரத்தும். ஆயினும் அதை ஈடுகட்டப் பட்டத்துக்குப் பிந்தைய படிப்புகள் அங்கே உண்டு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பட்டதாரிகளுக்கென்றே நான்காண்டு மருத்துவப் படிப்பு இருக்கிறது. நம் நாட்டில் பட்ட மதிப்பெண்ணை யாரும் கேட்பதில்லை. அது கருணையன்று, அலட்சியம். நல்ல பட்டமும் இங்கே எண்ணப்படுவதில்லை. பத்தாண்டு நோயாளியின் அருகில் நின்ற செவிலியும் பள்ளிப் பாடத்தில் 720 மதிப்பெண்ணுக்கு 180 கேள்விகளை எழுதித்தான் வர வேண்டும்.

பொதுப் பிரிவுக்கு 25, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்றிருந்த வயது வரம்பு நீங்கியதாக 2022 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. ப்ளஸ் டூவில் உயிரியல் படிக்காதவர் அதைப் பிறகு கூடுதல் பாடமாக எழுதித் தேறி வரலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் இசைந்தது. கதவு திறந்துதான் இருக்கிறது, படிக்கட்டைத்தான் காணோம்.

படிக்கட்டு நமக்குப் புதிதுமன்று. சென்னை மாகாணத்தில் எல்.எம்.பி. முடித்து மருத்துவம் பார்த்தவர்கள், பின்னாளில் சுருக்கப் படிப்பின் வழியே எம்.பி.பி.எஸ். பெற்றார்கள். நமக்கு அண்மையிலுள்ள திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டதைக் கண்ட பிறகே ஐடா ஸ்கடர் மருத்துவராக முடிவெடுத்தார். அதுவரை அவருக்கு அந்த எண்ணமே இல்லை. 1870இல் பிறந்த அவர் மருத்துவப் பட்டம் பெற்றது 1899இல். வேலூரில் 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி கண்டவரும் அவரே. மருத்துவம் வேண்டும் என்ற முடிவைப் பதினேழு வயதில் எடுப்பது பெரும்பாலும் பெற்றோர். முப்பதில் எடுப்பது தானே கண்ட ஒரு சாவாகவும் இருக்கலாம்.

ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. செவிலியர்க்கும் உயிரியல் பட்டதாரிகளுக்கும், இருக்கும் இடங்களில் கைவைக்காமல், கூடுதலாகச் சில இடங்களோடு ஒரு தனி நுழைவு வேண்டும். பழைய மதிப்பெண்ணைத் தோண்டாத, இன்றைய அறிவையும் பணியனுபவத்தையும் எடைபோடும் தேர்வு வேண்டும். வேலையை விட்டு வருவோர்க்கு உதவித்தொகை வேண்டும். இவற்றைச் செய்யாமல், பிந்தி வந்தவரிடம் தியாகத்தை எதிர்பார்த்துக் கைதட்டுவது அறமாகாது.