தெரிந்த பாட்டைப் பாடு!

சில வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு, புதுச்சேரிக் கடற்கரைக்குப் பின்புறத் தெருவொன்றில் இருக்கும் உணவு விடுதியின் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். நாற்பதைக் கடந்த தமிழ் விரிவுரையாளருக்கு மதுக்கோப்பைகளின் நடுவே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு விடை எளிது. அன்று வாசிக்க வந்த நால்வர் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் நம்மிடம் மூன்றாண்டு தமிழிலக்கியம் படித்தவர். "ஐயா, எல்லாம் எங்க சொந்தப் பாட்டு. வந்து கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று அழைத்திருந்தார். யாப்பருங்கலக்காரிகை வகுப்பில் கடைசி வரிசையில் மேசைமேல் விரலால் தாளம் போட்டு நம்மிடம் திட்டு வாங்கியவர் அவர். அதற்குக் கழுவாயாகவும் போனோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பாட்டுகள் ஒழுங்காக நடந்தன. மூன்றாவது, ஆலைச் சங்கைப் பற்றியது. 1898இல் தொடங்கி, நம் ஊரார் ரோடியர் மில் என்றே சொல்லி வந்த ஏ.எஃப்.டி. பஞ்சாலை 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. பாட்டெழுதியவரின் தாத்தா அந்த ஆலையில் வேலை பார்த்தவராம். சங்கு ஊதாத ஊரில் கிழவர் இன்னமும் விடியுமுன் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார், அவ்வளவுதான் பாட்டு. இரண்டாம் சரணத்தின் முடிவில் கிட்டார்த் தந்தியை இழுத்துப் பிடித்து, அந்தச் சங்கையே நினைவூட்டும் ஓர் ஓசையை நீள எழுப்பினார்கள். நமக்கு மெய் சிலிர்த்தது. மூன்றாம் சரணத்துக்கு அவர்கள் மூச்செடுப்பதற்குள் முன் மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "தெரிஞ்ச பாட்டாப் பாடுங்க ப்ரோ!" சிரிப்பு, கைதட்டல். விடுதி மேலாளர் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தனுப்பினார். பாட்டு அங்கேயே நின்றது. பிறகு ஒன்றரை மணி நேரம் திரைப்பாட்டு. நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆடினார்கள். நால்வருக்குமாகச் சேர்த்து மூவாயிரம் ரூபாயும் இரவுச் சாப்பாடும் கிடைத்ததாக மாணவர் பிறகு சொன்னார். டிரம்ஸ் வாடகைக்கே ஆயிரத்தைந்நூறு போய்விட்டதாம்.

அந்தக் குரலோடுதான் இங்கே நமக்கு வழக்கு. அது ஒரு குடிகாரரின் குரல் அன்று; தமிழ்க் கேட்போர் பெரும்பாலாரின் குரல் என்பது நம் துணிபு. 'தமிழில் ராக் இசை இல்லை, தேறவில்லை, தேறாது' என்று ஆங்கிலப் பாட்டுக் கேட்கும் நண்பர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். கோல்ட்பிளே குழுவைக் கேட்க 2025 சனவரியில் அகமதாபாத்துக்கு இரயிலேறுகிறவர்கள், உள்ளூர்ப் பையன்கள் சொந்தமாக எழுதிய ஏழு பாட்டுகளைக் கேட்க ஏழு நிமிடம் தருவதில்லை. முதன்முறையாகக் காதில் விழும் பாட்டை முழுதாகக் கேட்கும் பொறுமை நம்மிடம் செத்துவிட்டது. பிறகு இல்லை, இல்லை என்றால் எங்கிருந்து வரும்?

நிற்க. திரைப்பாட்டின் மேல் நமக்குக் காழ்ப்பில்லை. நம் இளமையின் பாதி இளையராசாவின் கிட்டார் ஓசையில் கழிந்தது. ஆனால் எல்லாப் பாட்டும் ஒரு கதைநாயகனின் உதட்டசைவுக்கு வந்து சேர்ந்தாக வேண்டும் என்பது என்ன நீதி?

இனி நம் துறைக்கு வருவோம். ஆசிரியர் அறையில் இந்தக் கதையைச் சொன்னபோது, மூத்த நண்பர் ஒருவர் "பாறை இசைக்கெல்லாம் போகிறீரா?" என்று கேட்டார். பாறை அன்று ஐயா, அந்தச் சொல்லின் வேர்ப்பொருள் ஆட்டம், ஊசலாட்டம் என்றோம். சொல்லாராய்ச்சியில் தோற்றவர் அடுத்த படைக்கலத்தை எடுத்தார்: "எதுவானாலும் வேற்று நாட்டு ஓசை. நம் மண்ணுக்கு ஒட்டாது."

இதைச் சொன்னவர் சங்கரதாச சுவாமிகளின் நாடகப் பாட்டுகளை உருகி உருகிப் பாடுபவர். சுவாமிகள் 1922இல் நம் ஊரில்தான் மறைந்தார்; கருவடிக்குப்பத்தில் அடக்கமானார். அவருடைய நாடக மரபில் ஆர்மோனியம் இல்லாத மேடை உண்டா? அந்த ஆர்மோனியம் எங்கே பிறந்தது? 1840களின் தொடக்கத்தில் பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் காப்புரிமை பெற்ற கருவி அது. பிரெஞ்சுக்காரன் காற்றுப்பெட்டி கூத்துமேடையின் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்து, 'பின்பாட்டு' என்ற தமிழ்ப்பெயரும் வாங்கிக்கொண்டது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971க்குப் பிறகே அந்தத் தடை தளர்ந்தது. வானொலி விலக்கிய அந்த ஆண்டுகளிலும் நாடகக்காரர்கள் அதைக் கீழே வைக்கவில்லை. பாலுசாமி தீட்சிதர் காலத்தில் ஆங்கிலேயரிடமிருந்து வந்த வயலின் இல்லாமல் இன்று கச்சேரி உண்டா? மாண்டலின் சீனிவாசன் கையிலிருந்தது மின்கருவி. சபைகள் அதையும் ஏற்றுக்கொண்டன. ஆக, கருவி எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது இங்கே சிக்கலாக இருந்ததே இல்லை. யார் கையில் இருக்கிறது, யாரைப் பற்றிப் பாடுகிறது என்பதே சிக்கல். தோல்கருவியான பறை இந்த மண்ணிலேயே பிறந்தது. அதைச் சபை மேடைக்கு அழைக்க நம்மவர் எத்தனை காலம் எடுத்துக்கொண்டார்கள்?

நண்பர் விடவில்லை. "மேட்டுக்குடிப் பிள்ளைகளின் இரைச்சல்" என்றார். இது ஓரளவு உண்மை. சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் 2009இல் சுவீடனின் ஓப்பெத் குழு வாசித்ததும், பெங்களூரு அரண்மனைத் திடலில் 2007இல் அயர்ன் மெய்டனும் 2011இல் மெட்டாலிக்காவும் வாசித்ததும், நுழைவுச்சீட்டு வாங்க வக்கிருந்தவர்களுக்கான திருவிழாக்கள்தாம். ஆனால் அந்த இசை பிறந்த இடம் எது? பிளாக் சப்பத் குழுவின் நால்வரும் பர்மிங்காம் என்னும் ஆலைநகரத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். கிட்டார் வாசித்த டோனி அயோமி, பதினேழு வயதில் தகரத் தொழிற்கூடத்தில் இரண்டு விரல்நுனிகளை இயந்திரத்துக்குக் கொடுத்தவர். வெட்டுண்ட நுனிகளுக்குத் தாமே உறை செய்து மாட்டிக்கொண்டார். வலி குறையப் பின்னாளில் தந்திகளின் முறுக்கைத் தளர்த்தி வாசித்தார். உலகமே பின்பற்றிய அந்தத் தாழ்ந்த, கனத்த ஓசைக்கு அதுவும் ஒரு காரணம். 2025 சூலை 5 அன்று, பிறந்த ஊரிலேயே, வில்லா பார்க் விளையாட்டரங்கில் அவர்கள் கடைசிக் கச்சேரி செய்தார்கள். பாடகர் ஓசி ஆஸ்பர்ன் நிற்க இயலாமல் இருக்கையில் அமர்ந்தபடி பாடினார்; பதினேழு நாளில் இறந்துபோனார். அந்தக் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நமக்கு நினைவில் ஓடியது நம் ஊர்தான். 1936 சூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் இது. எட்டு மணி நேர வேலை என்ற உரிமைக்கு விலை கொடுத்த ஊர். ஆலைநகரத்துக்கென்று ஓர் இசை உண்டென்றால், புதுச்சேரிக்கு அது எப்படி அயலாகும்? சங்கைப் பற்றிப் பாடிய அந்தப் பையன் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

தமிழில் முயற்சியே இல்லையா என்றால், இருக்கிறது. மலேசியாவில் யோகி பி குழுவினர் 2006இலேயே 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்து, சொல்லிசைக்குத் தமிழ் எத்துணை இசைவானது என்று காட்டினார்கள். சென்னை கீழ்ப்பாக்கத்தில் 2018 சனவரி 6 அன்று 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயருக்கு மூலம் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்னும் சொல்லாட்சி. கானாவும் சொல்லிசையும் ராக்கும் ஒரே மேடையில். பறையும் சட்டியும் ஒரு பக்கம், மின்கிட்டார் மறுபக்கம். கானா என்றால் ஆண்குரல் என்றிருந்த வழக்கத்தை இசைவாணி உடைத்தார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அவ்வாண்டு திசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. இவற்றைப் பற்றித் தமிழ்த்துறைகளில் எத்தனை கருத்தரங்குகள் நடந்தன? நாம் உட்பட யாரும் மாணவருக்கு ஒரு கட்டுரை எழுதச் சொல்லவில்லை. இசைவாணி பாடிய ஐயப்பன் பாட்டு வெளிவந்து சில ஆண்டுகள் ஆகியும் அதைக் கவனியாத பலர், 2024 நவம்பரில் காவல்துறைக்குப் புகாரோடு போனார்கள். திரைக்கு வெளியே ஒரு தமிழ்ப்பாட்டு எல்லோர் காதையும் எட்ட வேண்டுமானால் வழக்கு வேண்டியிருக்கிறது!

கேட்பார் இல்லாத இசைஞர் என்ன செய்வார்? திரைக்குப் போவார். இரகுமான் இளமையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவில் வாசித்தவர். ஹிப்ஹாப் தமிழா 2012இல் தனித்தொகுப்போடு வந்தார்கள். ஷான் ரோல்டன் தம் நண்பர்களோடு தனியே பாடிக்கொண்டிருந்தார். பிரதீப் குமார், தர்புகா சிவா, அறிவு, தென்மா என்று வரிசை நீள்கிறது. எல்லோரையும் திரை வாங்கிக்கொண்டது. அவர்களைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. வீட்டு வாடகையை நாமா கட்டுகிறோம்? ஆனாலும் பக்கத்து வீட்டைப் பாருங்கள். கேரளத்தின் அவியல் குழு 2008இல் தன் பெயரிலேயே வெளியிட்ட தொகுப்பில், நாட்டார் பாட்டின் வாடையோடு மலையாளத்தில் ராக் பாடியது. தைக்குடம் பிரிட்ஜ் குழு தொலைக்காட்சி மேடையில் பழைய பாட்டுகளைப் பாடி அறிமுகமாகி, 2015இல் 'நவரசம்' என்று சொந்தப் பாட்டுகளைத் தந்தது. அங்கும் திரை இழுக்கத்தான் செய்தது. அவியலின் ரெக்ஸ் விஜயன் திரைக்கு இசையமைக்கப் போனார். எனினும் அந்தத் தொகுப்பை வரிவரியாக முணுமுணுக்கும் மலையாளி மாணவரை நம் கல்லூரி விடுதியிலேயே கண்டிருக்கிறோம். தமிழ் மாணவரிடம் குரங்கன் குழுவைப் பற்றிக் கேட்டால் 'எந்தப் படம் சார்?' என்கிறார்.

நம் ஊரில் பத்தாண்டு வாழ்ந்த பாரதி, இசை பற்றிய தம் கட்டுரையில் கடுங்கோபம் கொண்டது எதற்காக? எந்த ஊருக்குப் போனாலும் எந்த வித்துவான் வந்தாலும், அதே சில கீர்த்தனைகளையே பொருள் தெரியாமல் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான். அன்று குற்றவாளி பாடகர். இன்று பாடகர் புதிதாகப் பாடத்தான் துடிக்கிறார். பழையதே வேண்டும் என்று மேசையைத் தட்டுபவர் கேட்பவர். வழக்கில் எதிரி மாறிவிட்டார்.

எழுதுகிறவர்களாகிய நம் பங்கும் சிறிதன்று. ஒரு நடிகரின் படப்பாட்டு மாலையில் வெளிவந்தால் இரவுக்குள் பத்துத் திறனாய்வு வருகிறது. நான்கு பேர் கடன் வாங்கிப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றும் தொகுப்புக்கு, 'சூப்பர் மச்சி' என்ற நண்பர்களின் வாழ்த்தைத் தவிர ஒன்றும் வருவதில்லை. 'இந்த வரியில் எதுகைக்காகப் பொருளைக் கொன்றிருக்கிறீர்கள்', 'இங்கே தாளம் சொல்லை நெரிக்கிறது' என்று சொல்ல ஆளில்லை. அன்று கேட்ட முதற்பாட்டு சுமார்தான். கடல், நிலா, காதல் என்று தேய்ந்த உவமைகள். அதையும் மாணவரிடம் சொன்னோம். வருத்தப்படுவார் என்று பார்த்தால், மகிழ்ந்தார்! 'இதுவரை யாரும் வரியைப் பற்றிப் பேசியதே இல்லை ஐயா' என்றார். சிந்தும் கும்மியும் ஒரு காலத்தில் பண்டிதர் வீட்டு வாசலில் நின்றவைதாமே. இன்று நாம் அவற்றுக்கு இலக்கணம் நடத்திச் சம்பளம் வாங்குகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரான்சில் 1982இல், பண்பாட்டு அமைச்சர் ழாக் லாங் காலத்தில், சூன் 21ஐ இசைத்திருநாளாக்கினார்கள். அன்று யாரும் தெருவில் வாசிக்கலாம், யாரும் காசில்லாமல் கேட்கலாம். நம் ஊரிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் பல ஆண்டுகளாக அதைக் கொண்டாடி வந்திருக்கிறது. அருமையான நாள்தான், அறிமுகமே இல்லாத குழுவை நின்று கேட்கும் கூட்டத்தை நாம் இங்கே பார்த்தது அன்றுதான். ஆனால் ஆண்டுக்கு ஒருநாள் இலவசம் என்பதை நம்மவர்கள் முந்நூற்றறுபத்தைந்து நாளுக்கும் நீட்டிவிட்டார்கள். பிரியாணிக்கு முந்நூறு ரூபாய் கேட்டால் கொடுப்பவர், பாட்டுக்கு நூறு கேட்டால் 'பசங்கதானே, சும்மா வாசிக்கட்டுமே' என்கிறார்.

டிரம்ஸ் மாணவர் இப்போது போட்டித்தேர்வுக்குப் படிக்கிறார். பாடகருக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. சனி ஞாயிறுகளில் வந்து போகிறார். அடுத்த மாதம் ஒரு பள்ளிக்கூட அரங்கை வாடகைக்கு எடுத்து வாசிக்கப் போகிறார்கள். சொந்தப் பாட்டு மட்டும், நுழைவு நூறு ரூபாய். பத்துச் சீட்டு வாங்கி ஆசிரியர் அறைக்குக் கொண்டு போனோம். ஒன்பது விற்றது. 'பாறை இசை' நண்பர் நெடுநேரம் வாதாடிவிட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொள்ள அனுமதி கேட்டுப் பத்தாவதை வாங்கிக்கொண்டார். அந்தச் சங்குப் பாட்டின் மூன்றாம் சரணத்தை நாம் இன்னும் கேட்கவில்லை.