வெயிலுக்கு உத்தரவாதம் உண்டு, தறிக்கு இல்லை

அண்மையில் ஒரு கருத்தரங்கில் பொருளியல் அன்பர் ஒருவர், கமுதி சூரிய மின் நிலையத்தை 'நீண்டகால முதலீட்டின் இலக்கணம்' என்று வருணித்தார். இலக்கணம் என்ற சொல் காதில் விழுந்தால் சும்மா இருக்கமாட்டாமை தமிழ் வாத்தியார்களின் பிறவிக்குணம். ஆதலால் அந்த இலக்கணத்தைச் சற்றே புரட்டிப் பார்த்தோம்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் அதானி குழுமம் 2016 செப்டம்பரில் தொடங்கிய அந்நிலையத்தின் திறன் 648 மெகாவாட். பரப்பு ஏறத்தாழ 2,500 ஏக்கர், செலவு சுமார் 4,550 கோடி ரூபாய். இவ்வளவு பணத்தைத் துணிந்து இறக்கினார்களே என்று அன்பர் வியந்தார். துணிவு எங்கே இருக்கிறது? 2015 சூலையிலேயே அன்றைய டான்ஜெட்கோவுடன் 25 ஆண்டுக் கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. அலகுக்கு 7 ரூபாய் 1 காசு. காய்கிற வெயில் காய்ந்தால் போதும், வாங்குகிறவர் ஓடிப்போக முடியாது. 2017இல் தமிழக ஏலத்திலேயே விலை 3 ரூபாய் 47 காசுக்கு இறங்கியது. அதே ஆண்டு இராசத்தானத்துப் பட்லாவில் 2 ரூபாய் 44 காசு. முதல் விலை ஏமாற்று விலை என்று சொல்ல வரவில்லை; அன்றைக்குத் தகடுகள் விற்ற விலை அப்படி. ஆனால் அந்த வீழ்ச்சியின் சுமை முதல் போட்டவர் தலையில் விழவில்லை. வாங்கிய அரசுக் கழகத்தின் தலையில் விழுந்தது. அதாவது நம் தலையில்.

சூரிய மின்சாரம் வேண்டாம் என்பதன்று நம் கட்சி. நிலக்கரிப் புகையைவிட அது ஆயிரம் மடங்கு மேல். நாம் கேட்பது வேறு.

எம் தேவிகாபுரத்தில் பெரியநாயகி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் விடிவதற்குள் பாவு நீட்டுகிறார்கள். தலைமுறைகள் கடந்து ஓடும் தறி இது. இதை யாரும் 'நீண்டகால முதலீடு' என்று அழைத்து நாம் கேட்டதில்லை. பட்டுநூல் விலை ஏறினாலும் சரிகை விலை ஏறினாலும் கூலி ஏறுவதில்லை. சேலை தேங்கினால் அடுத்த பாவு கிடைக்காது. 25 ஆண்டு வேண்டாம், 25 நாளைக்கு இன்ன விலையில் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுப்பவர் உண்டா?

1935 முதல் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறதே, 1985ஆம் ஆண்டு ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கின்றன. 2023 முதல் கைத்தறிக்கு இருமாதத்துக்கு 300 அலகு இலவச மின்சாரமும் உண்டு. தறி மேல் தொங்கும் விளக்குக்கு அரசு வெளிச்சம் தருகிறது. அந்த வெளிச்சத்தில் நெய்த சேலைக்கு விலை உறுதி தருவதில்லை. கையால் இயங்கும் தறிக்கு மின்சாரத்தைச் சலுகையாகக் கொடுப்பதில் ஒரு நகைச்சுவையும் இருக்கத்தான் செய்கிறது.

இன்னொன்று. கமுதியில் கட்டுமானக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை இருந்தது. இப்போது அங்கே தகடுகளை நாள்தோறும் துடைப்பவை இயந்திரங்கள். அதில் குற்றமில்லை. ஆனால் ஒரு தறியைச் சுற்றி நூல் சுற்றுபவர், சாயம் தோய்ப்பவர், பாவு பிணைப்பவர் என்று எத்தனை வயிறுகள்! வங்கிக்காரர் கண்ணுக்கு ஒப்பந்தத் தாள் தெரிகிறது, இவ்வயிறுகள் தெரிவதில்லை.

இதையெல்லாம் எதிர்வீட்டு நெசவாளரிடம் சொன்னோம். நாடாவை நிறுத்தாமலே கேட்டார்: "வெயில வாங்கறேன்னு எழுதிக் குடுத்தாங்களே சார், அந்தத் தாளு எந்த ஆபீசுல குடுக்கறாங்க?"