ஊர் ஒப்புக்கொண்டால்தான் உண்மையா?

"அம்பேத்கர் இட ஒதுக்கீட்டைப் பத்து ஆண்டுகளுக்குத்தான் கொடுத்தார்." இந்த வரியை ஏதாவதொரு வாட்ஸ்அப் குழுவில் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 334ஆவது பிரிவு விதித்த பத்தாண்டு வரம்பு மக்களவை, சட்டமன்ற இடங்களுக்கானது. கல்வி, வேலைவாய்ப்பைப் பேசும் 15(4), 16(4) பிரிவுகளில் காலவரம்பே கிடையாது. மறுக்க இரண்டு வரி போதும். ஆனாலும் பொய் ஓய்வதாக இல்லை.

இத்தகைய பொய்களைக் குறைக்க ஃபேஸ்புக் 2016 டிசம்பரில் வெளி நிறுவனங்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்தது. அவர்கள் ஒரு பதிவைப் பொய் என்று குறித்தால் அதன் பரவல் குறையும், எச்சரிக்கை ஒட்டப்படும். அரசியல்வாதிகளின் பேச்சுக்கு விலக்கு உண்டு. 'கருத்து' என்று வருவதும் பொதுவாக இதில் சேராது. சாதிப் பொய் பெரும்பாலும் கருத்து வேடத்தில்தானே வருகிறது! 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பரவிய காணொளிகளை எங்கே, எப்போது எடுத்தவை என்று தேடி மறுக்க முடிந்தது. 'கோட்டா டாக்டர்' கேலிப்படத்தை எப்படித் தேடி மறுப்பது?

கூட்டாளிகள் நம் ஆட்களும் அல்ல. ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் ஆராய்ந்த 121 செய்தி அறைத் தலைமைப் பதவிகளில் 106இல் உயர்சாதியினர் இருந்தார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. அந்தத் துறையிலிருந்துதான் சரிபார்ப்பாளர்களில் பலரும் வருகிறார்கள். இருந்தாலும் அவர்களுக்கு ஒரு முகவரி இருக்கிறது. எழுதியது தவறென்றால் திருத்தச் சொல்லிப் போய்ச் சண்டை போடலாம்.

2025 ஜனவரியில் அமெரிக்காவில் இந்த ஏற்பாட்டைக் கைவிடுவதாக மெட்டா அறிவித்தது. பதிலுக்கு வருவது, எக்ஸ் தளத்தில் இருப்பதைப் போன்ற 'கம்யூனிட்டி நோட்ஸ்'. இதில் பயனர்களே குறிப்பு எழுதுவார்கள். அது வெளியே தெரிய, பலர் பயனுள்ளது என்றால் மட்டும் போதாது. வழக்கமாக ஒருவரோடு ஒருவர் மாறுபடுகிறவர்களும் சேர்ந்து அப்படிச் சொல்ல வேண்டும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. என் ஆய்வுத் தோழர்கள் சிலரும் இதை ஜனநாயகம் என்கிறார்கள். ஆனால் இட ஒதுக்கீடு பற்றிய உண்மைக்கு, இட ஒதுக்கீட்டை வெறுப்பவரின் கையெழுத்தை வாங்கி வா என்பது ஊர்ப் பஞ்சாயத்து சேரிக்கு நியாயம் சொன்ன கதைதான். ஊர் ஒப்பாதவரை குறிப்பு வெளியே வராது, பொய் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

மெட்டாவின் வெறுப்புப் பேச்சு விதிகளில் 'சாதி' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதை உண்மையிலேயே மதிக்கிறார்கள் என்றால் இந்தியாவில் கூட்டாளிகளைக் கைவிடக் கூடாது. தலித், பழங்குடி ஊடகங்களையும் பணம் கொடுத்துக் கூட்டாளிகளாக்க வேண்டும். 'கருத்து' என்ற விலக்கின் எல்லையை முடிவு செய்யும் மேசையில் அவர்களுக்கும் நாற்காலி வேண்டும்.