குச்சி மனிதர்கள்

சாஃப்ட்வேர் ஆசாமிகள் கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி ஒரு படம் போடுவார்கள். பெரிய கட்டம், உள்ளே நாலைந்து முட்டைகள், வெளியே குச்சிக் கை குச்சிக் கால் மனிதர்கள். மனிதர்களிலிருந்து முட்டைகளுக்குக் கோடு. இதற்கு 'யூஸ் கேஸ் டயகிராம்' என்று பெயர். எரிக்ஸன் கம்பெனியில் இருந்த ஸ்வீடன்காரர் ஐவர் ஜேக்கப்சன் 80-களில் சொன்ன யோசனை. 1997-ல் யூ.எம்.எல். என்கிற வரைபட மொழியோடு உலகமெல்லாம் பரவிவிட்டது.

கட்டம்தான் சிஸ்டம். முட்டை, அது செய்து தரும் காரியம். குச்சி மனிதருக்கு 'ஆக்டர்' என்று பெயர். ரஜினி, கமல் என்று போய்விடாதீர்கள். வேஷம் என்று அர்த்தம். ஏ.டி.எம்.மை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டுக்காரர்: பணம் எடு, பாக்கி பார். ஏஜென்ஸி ஆள்: நோட்டு நிரப்பு. அதே ஏஜென்ஸி ஆள் சம்பளத்தன்று தன் கார்டைச் செருகினால் வேறு வேஷம், வேறு குச்சி. வாசலில் தூங்கும் வாட்ச்மேனுக்குப் படத்தில் இடமில்லை. மெஷினோடு அவருக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது, ஏ.சி. காற்றைத் தவிர.

விளையாட்டாகத் தெரிந்தாலும் விஷயம் இருக்கிறது. படத்தில் கோடு விட்டுப்போனால், பின்னால் திரையில் பட்டனும் விட்டுப்போகும்.

ஏர்வாடியைப் பார்ப்போம். ராமநாதபுரம் மாவட்டத்து தர்கா ஊர். மனநிலை சரியில்லாதவர்களைக் குடும்பத்தார் கூட்டிவந்து தங்குவது வெகுகால வழக்கம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பத்திரிகைச் செய்தியைப் பார்த்து சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கு எடுத்தது. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வகையிலும் சங்கிலி போடக்கூடாது என்கிறது.

இந்த மாதிரி ஊரில் ஒரு மனநல ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் எழுதச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேப்பரை எடுத்ததும் கை யாரை வரையும்? டாக்டர்: மருந்து எழுது. நர்ஸ்: மருந்து கொடு. கிளார்க்: பதிவு செய். கூட வந்த அண்ணன்: கையெழுத்துப் போடு. சரி, நோயாளி?

"அவருக்கு என்ன சார் தெரியும்?"

அவர் கட்டத்துக்குள்ளே ஒரு ரிக்கார்டாக, பெயர், வயது, நம்பரோடு படுத்திருப்பார்.

அந்தச் சட்டத்தைப் புரட்டினால் நோயாளிக்கே முட்டை முட்டையாகக் கிடைக்கிறது. எனக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவை. என் சார்பில் பேச இவரை நியமி. அவரை மாற்று. என் மருத்துவப் பதிவேட்டைக் காட்டு. குறை இருந்தால் புகார் கொடு. அப்படி நியமிக்கப்படுகிறவர் அண்ணனாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, சிநேகிதராகவும் இருக்கலாம். படத்தில் 'அண்ணன்' என்று எழுதி வைத்தீர்களோ, ஜென்மத்துக்கும் அண்ணன்தான். 'பிரதிநிதி' என்று வேஷத்தின் பெயரை எழுதவேண்டும்.

தானாகவே வந்து சேர்ந்த நோயாளிக்கு 'டிஸ்சார்ஜ் கேள்' என்று ஒரு முட்டை போட்டுக் கோடு இழுத்துப் பாருங்கள். டாக்டர் தயங்கினால்? அதற்கும் சட்டத்தில் பதில் உண்டு. பரிசோதித்து முடிவெடுப்பதற்காக 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். அந்த நேரம் முடிந்ததும் சிஸ்டத்தைத் தட்டி எழுப்ப ஒருத்தர் வேண்டுமே! கட்டத்துக்கு வெளியே, நோயாளிக்குப் பக்கத்தில், இன்னொரு குச்சி மனிதர் போட்டு அடியில் 'கடிகாரம்' என்று எழுதுங்கள்.