50,000 ஆய்வகங்களுக்கு எந்தச் சிப்?

ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் என்று 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது. வரதராஜன்பேட்டை போன்ற ஊருக்கு அப்படியொன்று வந்தால் மேசைமீது எந்த போர்டு இருக்க வேண்டும்? பழைய 8 பிட் ஆர்டுயினோ ஊனோவா, 32 பிட் இஎஸ்பி32-ஆ? விற்பவர் வேகத்தைத்தான் காட்டுவார்: 16 மெகாஹெர்ட்ஸ் எங்கே, 240 எங்கே! வேகத்தைப் பார்த்து வாங்குவது தவறு என்பேன்.

வரதராஜன்பேட்டை இருக்கும் ஆண்டிமடம் வட்டாரம் விவசாயப் பகுதி. இங்கே ஒரு மாணவர் செய்ய ஆசைப்படும் கருவி பெரும்பாலும் போர்வெல் மோட்டாருக்குக் காவலாகத்தான் இருக்கும். மும்முனை மின்சாரம் வந்ததா, ஒரு பேஸ் போய்விட்டதா, குழாயில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்து ரிலேயைப் போடவோ நிறுத்தவோ வேண்டும். (மும்முனை வயரை எலக்ட்ரீஷியன்தான் தொட வேண்டும், பிள்ளைகளின் கை ரிலேயோடு நிற்கட்டும்.) இந்த முடிவை நொடிக்குப் பத்து முறை எடுத்தாலே அதிகம். ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி அதே நொடியில் 1.6 கோடி முறை துடிக்கிறது.

அது திணறுவது ரேமில். மோட்டார் நின்ற சேதியை எஸ்எம்எஸ்ஸாக அனுப்பினால் போதுமென்றால் சிம் மோடத்தை ஊனோவிலேயே மாட்டலாம். இணையச் சேவைக்கு நேராக அனுப்ப நினைத்தால்தான் சிக்கல். இன்று அவை பெரும்பாலும் மறையாக்கம் செய்த இணைப்பைக் கேட்கின்றன. அதற்கே பத்துக்கணக்கான கிலோபைட் ரேம் பிடிக்கும். ஊனோவில் இருப்பது மொத்தமே 2 கிலோபைட். இஎஸ்பி32-இல் 520, வைஃபையும் உள்ளேயே. மாறுவதற்கு உண்மையான காரணம் இது. விலையும் தடையில்லை: 2021-இல் 4 டாலருக்கு வந்த ராஸ்பெரி பை பைகோவிலேயே 264 கிலோபைட் ரேம். ஒரிஜினல் ஊனோவுக்கு அதைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும்.

ஆனால் சக்தி கூடிய போர்டு தவறுகளை மன்னிக்காது. ஊனோ 5 வோல்ட்டில் ஓடுவது. பள்ளிகளில் கிடக்கும் அல்ட்ராசோனிக் சென்சார், ரிலே போர்டு எல்லாம் அதற்குத் தோதானவை. இஎஸ்பி32-உம் பைகோவும் 3.3 வோல்ட். 5 வோல்ட் சிக்னலை நேராகக் கொடுத்தால் சிப் கெட்டுப்போகலாம். இரண்டு ரெசிஸ்டர் போட்டு அதைக் குறைக்கத் தெரியாத பிள்ளை, தப்பு புரோகிராமில்தான் என்று நாள் முழுக்கத் தேடும். வைஃபை பேசும் கணத்தில் மின்னோட்டம் நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியருக்கு எகிறும். மட்டமான யுஎஸ்பி கேபிள் என்றால் போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். சாக்கெட் வைத்த ஊனோவில் சிப் போனால் நெம்பி எடுத்து, பூட்லோடர் ஏற்றிய இன்னொன்றைச் செருகலாம். இஎஸ்பி32 போனால் போர்டே போச்சு. மின்னணுப் பாகங்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்குப் பல மணி நேரப் பயணம் செய்ய வேண்டிய ஊரில் இது சின்ன விஷயமில்லை.

இந்த ஆய்வகங்கள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரைக்கும். கீழ் வகுப்புகளுக்கு ஊனோவே இருக்கட்டும்; ஓம் விதியைக் கையால் தொட்டுப் பழகியவர்கள் ஒன்பதாம் வகுப்பில் இஎஸ்பி32-க்கு வரட்டும். உள்நாட்டுச் சிப்பும் உண்டு: மத்திய அரசு நிறுவனமான சி-டாக் வடிவமைத்த தேஜஸ்32 வைத்த ஏரீஸ் போர்டு, 100 மெகாஹெர்ட்ஸ், 256 கிலோபைட் ரேம். ஆர்டுயினோ மென்பொருளிலேயே அதற்கு எழுதலாம். ஆனால் லைப்ரரிகளும் மாதிரி புரோகிராம்களும் ஊனோவுக்குக் குவிந்திருக்கும் அளவுக்கு அதற்கு இல்லை. அதையே கட்டாயமாக்க நினைப்பவர்கள், தமிழில் நூறு மாதிரிகளை எழுதவைக்க முதலில் பணம் ஒதுக்கட்டும்.